தோடிக்குப் புருஷன் எங்கே?

"இந்தப் பொம்பளைக்குப் புருஷன் எங்கம்மா?" என்று கேட்டார் மண்டபத்து முதலாளியின் அண்ணன். கேலியாகக் கேட்கவில்லை. பந்தியில் ஒரு இலைக்கு உப்பு வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது போல, நிஜமான கவலையோடு கேட்டார். அவர் விரல் நீட்டிய இடத்தில், சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில், நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்து, சூளையில் சுட்டு, கொத்தனாரோடு நின்று பதிக்க வைத்த பீங்கான் ஓவியம் இருந்தது. காட்டு நடுவே ஒரு பெண். தோளில் சாய்த்த வீணை. அவளைச் சுற்றி மேய்ச்சலை மறந்து நிற்கும் மான்கள்.

"அவளுக்கு எதுக்குங்க புருஷன்? அவ ஒரு ராகம்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. யாரிடம் சொன்னாலும், "சரி விடு, அவங்க மண்டபம், அவங்க சுவரு" என்கிறார்கள். விட முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விருத்தாசலத்தில் பீங்கானுக்குக் கலர் போடுகிறவள். ஊரில் பாதிப் பட்டறைகள் ஃப்யூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் செய்கின்றன, மீதிப் பட்டறைகளில் கப்பும் கொலு பொம்மையும். கப்பில் பூப் போடுவது, பொம்மைக்குப் புடவைக் கரை எழுதுவது, வாசல் நிலைக்கு மேலே பதிக்கிற சாமி படங்களைப் பீங்கான் ஓட்டில் வரைவது, இதுதான் என் வேலை. என் பக்கத்து மேசையில் என் தோழி உட்கார்ந்திருப்பாள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பொம்மைகளுக்கு அவள் கண் எழுதுவாள், நான் மற்றதை எழுதுவேன். எழுதும்போது எனக்குப் பாடும் பழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் முடிகிற வரை வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன். மேடை ஏறவில்லை. ஆனால் பாட்டு என்னை விட்டுப் போகவில்லை. தோடி பாடினால் எனக்குக் கை நடுங்காமல் கோடு வரும் என்று என் தோழி சொல்வாள்.

சில வருஷங்களுக்கு முன் நீலப் பீங்கான் வேலையைப் பழக எங்களில் சிலரை ஜெய்ப்பூருக்கு அனுப்பினார்கள். பயிற்சி இல்லாத ஒரு பகலில் அங்கிருந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஒரு அறை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் மறைந்துவிடும் அளவு தாளில், மயிரிழைத் தூரிகையால் எழுதியவை. ராகமாலை என்று சொன்னார்கள். ஒரே பாட்டைப் பல ராகங்களில் பாடுகிற ராகமாலிகைதான் எனக்குத் தெரியும். இது வேறு. ஒவ்வொரு ராகத்தையும் ஓர் ஆளாக, ஒரு காட்சியாக எழுதி வைத்திருந்தார்கள். மேக ராகம் என்றால் கறுத்த வானத்துக்குக் கீழே நீல நிறத்தான் ஒருவன் மழையில் ஆடுகிறான். ஹிந்தோளம் என்றால் ஊஞ்சல். ஆசாவரி என்றால் மலையில் உட்கார்ந்த கறுத்த பெண் ஒருத்தி, அவளைத் தேடி மரத்திலிருந்து இறங்கி வரும் பாம்புகள். காதால் மட்டுமே அறிந்த ஒன்றைக் கண்ணால் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் அங்கிருந்தவர் விளக்கம் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு முதல் கோபம் வந்தது. ஆறு ராகங்கள் ஆண்களாம். ஒவ்வொருவருக்கும் ஐந்து மனைவிகள், அவர்களுக்கு ராகினி என்று பெயர். சில இடத்துக் கணக்கில் பிள்ளைகள், மருமகள்கள்கூட உண்டாம். ஒரு படத்தில் அவள் தூங்கிக்கொண்டிருக்க, விடியும் நேரத்தில் அவன் மெல்ல நழுவிப் போகிறான். இன்னொன்றில் அவள் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முப்பது பெண்களில் எத்தனை பேருக்குக் காத்திருப்பதே வேலை! ஒரு படத்தின் முன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். பெயர் தேசாக். கணக்குப்படி அதுவும் யாருக்கோ மனைவிதான். ஆனால் படத்தில் பெண்ணே கிடையாது. மூன்று பயில்வான்கள் கம்பத்தில் ஏறிக்கொண்டும் தண்டால் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். யார் செய்த குளறுபடியோ, அந்த ஒரு மனைவியாவது தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வரிசையில் தோடி இருந்தாள். நம் தோடியும் வடக்கத்தித் தோடியும் இன்றைக்குப் பாடுகிற ஸ்வரங்களில் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் காலை எடுத்து வைக்க முடியவில்லை. அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. வாசலும் இல்லை, படுக்கையும் இல்லை. இரண்டு சுரைக்குடுக்கை வைத்த வீணையைத் தோளில் சாய்த்து அவள் வாசிக்கிறாள், மான்கள் கேட்கின்றன. அவ்வளவுதான் படம்.

ஊருக்கு வந்ததும் அவளை ஓர் ஓட்டில் எழுதி, சுட்டு, என் மேசைக்கு மேலே மாட்டிவைத்தேன். விற்க அல்ல.

கொலு சமயத்தில் பொம்மை வாங்க ஓர் அம்மா வந்தார். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கும் குடும்பம். விருத்தாசலத்தில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் மேசை முன்னால் நின்றுவிட்டார்.

"இது யாரு அக்கா?"

"தோடி."

"தோடின்னா, பாட்டுல வர்ற தோடியா?"

"ஆமாங்க."

அவர் குரலை வெளியே விடாமல் தோடியில் ஒரு பிடி முனகினார். காந்தார ஸ்வரம் அசைந்த அசைவிலேயே முறையாகக் கற்றவர் என்று தெரிந்தது. "வயலின் கத்துக்கிட்டு இருந்தேன்க்கா. கல்யாணம் ஆயி வரும்போது பொட்டியோட கொண்டாந்தேன். நெல்லுத் தூசி பட்டா கெட்டுப் போயிடும்னு பரண்ல தூக்கி வெச்சிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவர் எடுத்துவைத்த பொம்மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் அவரே வந்து மண்டபத்துச் சுவரை எனக்குக் கொடுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் ஆறு படங்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு ஓடு. அவரும் நானும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். மழையில் ஆடுகிறவன், ஊஞ்சல், வசந்தத்தில் ஆடும் கூட்டம், கண்ணாடி பார்த்துத் தோடு போடுகிற பெண், பாம்புக்காரி, தோடி. அவர் வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து வரைபடத்தைப் பார்த்தார். "இதெல்லாம் என்னா படம்?" என்று கேட்டார். ராகங்கள் என்றும், வடக்கே இவர்களைப் புருஷன் பெண்டாட்டியாகச் சொல்வார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னேன். "குடும்பமா இருந்தா நல்லதுதான். அவ சொல்றபடி செய்யுங்க" என்று போய்விட்டார்.

கோடை முழுக்க வரைந்தேன். வெள்ளை கிளேஸ் பூச்சு போட்ட ஓட்டில் செராமிக் கலரை எண்ணெயில் குழைத்து எழுதி, மறுபடி சூளையில் சுட வேண்டும். சூட்டில் கலர் கிளேஸோடு சேர்ந்து உருகி ஒன்றாகிவிடும். அதற்கு மேல் தேய்த்தாலும் கழுவினாலும் போகாது. ஆனால் சுடும்போது சிவப்பு சில சமயம் பழுப்பாகித் தொலைக்கும். வசந்தத்துப் பெண்களின் பாவாடைகளை மறுபடி மறுபடி எழுதினேன். மான்களுக்கு மட்டும் என் தோழியைக் கண் எழுதச் சொன்னேன். "பொம்மைக்கு எழுதற கண்ணு இதுக்கு ஆவாதுடி. இதுங்களுது பாட்டு கேக்குற கண்ணாச்சே." என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுக்க வீணான ஓடுகளில் எழுதிப் பார்த்துவிட்டு எழுதினாள். சூளையிலிருந்து அந்த ஓடுகள் வந்தபோது மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். அப்படி வந்திருந்தன.

இத்தனைக்கும் பிறகுதான், திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம், முதலாளி தன் அண்ணனையும் உறவுக்காரர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். பாம்புக்காரியைப் பார்த்ததும் உறவுக்காரர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அண்ணன் தோடியின் முன்னால் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அவள் ஒரு ராகம் என்றேன்.

"ராகமோ தாளமோ, கல்யாண மண்டபத்துல ஒண்டியா ஒரு பொம்பள நிக்கிறா. கழுத்துல ஒண்ணும் காணோம். பொண்ணு மாப்பிள்ளைய இதுக்கு எதிர்ல உக்கார வெச்சி சோறு போட்டா பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?"

"இவ வீணை வாசிக்கிறான்னு நெனைப்பாங்க."

"நீங்களே சொன்னீங்களாமே, இவங்கல்லாம் புருஷன் பொண்டாட்டின்னு. அப்ப இவ புருஷனையும் வரைஞ்சிடறதுதான? மானு ரெண்டு கொறைச்சிட்டு அந்த எடத்துல நிக்க வெச்சிடுங்க."

நான் சிரிப்புக்காகச் சொன்னதை எடுத்து என்னையே அடிக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வடக்க அப்படிச் சொல்லுவாங்க. நம்ம பக்கம் தோடிய தாய் ராகம்னுதான சொல்றோம்? அவகிட்ட பொறந்த ராகம் எவ்வளவோ இருக்குது. இத்தனை பேரு பாடியிருக்காங்க, ஒருத்தராவது புருஷன் எங்கன்னு கேட்டிருக்காங்களா?" என்றேன்.

அண்ணன் விடவில்லை. "தாயின்னா தகப்பன் ஒருத்தன் இருக்கணுமில்ல?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

முதலாளி தணிவாகத்தான் பேசினார். "கோச்சிக்காதம்மா. ஒரு தாலியாச்சும் வரைஞ்சி வுட்டுடேன். மஞ்சக் கோடு ஒண்ணு. என்னா பெரிய வேலை அது?"

"முடியாதுண்ணே."

"உங்க வூட்டுக்காரரு இதெல்லாம் கேக்க மாட்டாரா?" என்றார் அண்ணன்.

"அவருக்குத் தோடி புடிக்கும்ங்க" என்றேன்.

முதலாளியின் மனைவி தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கள் என்றுதான் பார்த்தேன். தோடியின் முதல் பிடியை என் மேசை முன்னால் முனகியவர் அவர். "பாத்திர வண்டி வந்துடுச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். அந்த நான்கு ஆண்களின் மேல் வந்ததைவிட அவர் முதுகின் மேல் எனக்கு வந்த கோபம் பெரிது.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. பாம்புக்காரியையும் தோடியையும் பட்டுத் துணி தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சரி, மறைத்தால் மறைக்கட்டும், துணிக்குப் பின்னால் அவள் இருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் என் தோழி சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அந்த மண்டபத்துக்குப் போனாள். போன இடத்திலிருந்து எனக்குப் போட்டோ அனுப்பினாள்.

தோடிக்குப் பக்கத்தில் ஓர் ஆண் நின்றிருந்தான். சிவப்புத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, ஜரிகை வேட்டி. ஒரு கையைத் தூக்கி அவள் தோளில், வீணைத் தண்டின் மேலேயே வைத்திருந்தான். அவள் கழுத்தில் சுண்டு விரல் தடிமனுக்கு மஞ்சளாக ஒன்று வழிந்தது. அவனை நிறுத்துவதற்காக ஒரு மானை அழித்திருந்தார்கள். முழுசாக அழிக்கவும் இல்லை. வேட்டிக்குப் பின்னாலிருந்து மானின் இரண்டு பின்னங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. போர்டு எழுதும் ஒருவரை வைத்து எனாமல் பெயின்டில் செய்திருக்கிறார்கள். அந்த ஆளை நான் குறை சொல்லவில்லை. சொன்னதை எழுதியிருக்கிறார். மீசை நன்றாகவே வந்திருந்தது. ஆனால் கீழே மூலையில் என் பெயர் அப்படியே இருந்தது. பார்க்கிற யாரும் நான்தான் அந்த மான் கால் முளைத்த வேட்டியை எழுதினேன் என்று நினைப்பார்கள்.

மறுநாள் ஒரு பையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். சுட்ட கிளேஸ் மேல் பூசிய எனாமல் பெயின்டுக்கு ஆயுசு எவ்வளவு என்பது எனக்குத் தெரியாதா என்ன?

மண்டபத்தில் வளைகாப்பு. பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி நின்று, துணியை நனைத்து அவன் முகத்தில் வைத்தேன். மீசைதான் முதலில் போனது. சிவப்பும் கறுப்பும் கலந்து சுவரில் வழிந்தது. தின்னர் நாற்றத்தில் பக்கத்துப் பந்தியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் சாப்பாட்டைக் கெடுத்ததற்கு மட்டும் இன்றைக்கும் வருத்தம்தான்.

"என்னாம்மா பண்ற?" என்று இலையின் முன்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"என் படத்துல யாரோ ஆளு பூந்துட்டாரு. எறக்கி விடறேன்."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் களுக்கென்று சிரித்தார். வளைகாப்புப் பெண் வாயில் சோற்றோடு திரும்பிப் பார்த்தாள். தலைப்பாகை போயிற்று, கை போயிற்று, மஞ்சள் போயிற்று. அவளுடைய கழுத்து, நான் எழுதிய கழுத்து, வெறுமையாக, வழவழப்பாக அடியிலிருந்து வந்தது. வேட்டி போனதும் கால் மட்டும் இருந்த மான் முழு மானாயிற்று. அப்போது மேனேஜர் ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் முதலாளியே வந்தார். அவர் மனைவியும் பின்னால் வந்தார்.

"யாரக் கேட்டு கை வெச்ச? இது என் சுவரு" என்று கத்தினார் முதலாளி. இதுவரை அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

"சுவரு உங்களுதுதாண்ணே. வேணாம்னா இடிச்சிடுங்க. ஆனா என் பேரைப் போட்டுக்கிட்டு எவனோ ஒருத்தன அவ தோளு மேல கை வெக்க வுட மாட்டேன்."

"இடிச்சிதான்டி போடப் போறேன்."

'டி' என்றார். கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நாற்காலியை விட்டு இறங்கி, துணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். கையெல்லாம் சிவப்பு. டீக்கடையில் கழுவத் தண்ணீர் கேட்டபோதுதான் என் கண்ணில் நீர் வந்தது.

சொன்னபடியே செய்தார். தோடியையும் பாம்புக்காரியையும் பெயர்த்துவிட்டு, எங்கிருந்தோ வரவழைத்த அச்சு டைல்ஸில் சாமி கல்யாணம் ஒன்றைப் பதித்துவிட்டார். மற்ற நான்கும் ஜோடியாகவோ கூட்டமாகவோ, எப்படியோ தப்பித்தன. கண்ணாடி பார்க்கிறவள்கூட, புருஷன் வருவதற்காகத்தான் சிங்காரித்துக்கொள்கிறாள் என்று யாரோ விளக்கம் சொன்னதால் பிழைத்தாளாம்.

மழைக்காலத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, தோடி எங்கிட்ட இருக்குது. கொத்தனாருகிட்ட சொல்லி பதமா எடுக்க வெச்சேன். நாலு ஓடு ஒடஞ்சி போச்சி. அத மட்டும் வரைஞ்சி குடுப்பீங்களா?"

எனக்கு வாய் நிற்கவில்லை. "அன்னிக்கி நீங்க ஒரு வார்த்தை பேசலையே. நான் ஒண்டியா நின்னு கத்துனேன். நீங்க பாத்திர வண்டிய பாக்கப் போனீங்க" என்றேன்.

"பேசியிருந்தா அன்னிக்கே கடப்பாரைய எடுத்திருப்பாரு அக்கா. ஒரு ஓடு மிஞ்சி இருக்காது. உங்களுக்குத் தெரியாது" என்றார்.

இருக்கலாம். அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஒரு ராகத்தைக் காப்பாற்றக்கூட ஒரு பெண் இப்படிப் பதுங்கிப் பதுங்கித்தான் செய்ய வேண்டுமா? நான்கு ஓடுகளையும் வரைந்தேன். கோபத்தோடேயே வரைந்தேன். மான்களின் கண்களை என் தோழியே மறுபடி எழுதினாள்.

ஓடுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது, மாடியில் அவருடைய அறை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் எட்டு ஓடுகள் ஏற்கெனவே ஏறியிருந்தன. நாங்களே சிமெண்ட் குழைத்து மற்ற நான்கையும் வைத்தோம். அவர் விளிம்பைத் துடைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, "பாடுங்கக்கா" என்றார்.

"எனக்கு இன்னும் உங்க மேல கோவந்தான்."

"இருக்கட்டும். பாடுங்க."

பாடினேன். மில் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்ற வேண்டியிருந்தது. நல்ல நிலையில் இல்லை குரல், மேல் ஷட்ஜத்தில் பிசிறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரல்களை முழங்கால் மேல் அழுத்தி அழுத்தி நகர்த்திக்கொண்டிருந்தார். நடுவில் கீழேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "ஏய், சோறு எடுத்து வைக்கலையா?"

நான் நிறுத்தினேன். அந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"எல்லாம் மேசை மேல இருக்குது. போட்டு சாப்பிடுங்க" என்று படிக்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு என்னிடம், "காந்தாரத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க" என்றார்.